முதல் வாய் புனிதருக்கு

1

சனிக்கிழமை பதினோரு மணிக்கு எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழம் வெட்டுவது என் வேலை. இருபது வருடமாக இதில் மாற்றமில்லை. பிரேசில் நாட்டில் சாந்தோஸ் என்கிற துறைமுக ஊரில் இருக்கிறேன். கப்பலில் வேலைக்கு வந்தவன், இங்கே லூசியாவைப் பார்த்தேன், இறங்கிவிட்டேன். குளிரூட்டிய கன்டெய்னர்களைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. கடற்கரையோரம் பழைய அடுக்குமாடிகள் சில மண் இளகிச் சாய்ந்து நிற்கும். அவற்றில் குடும்பங்கள் இருக்கின்றன, பால்கனியில் துணி காயப் போடுகிறார்கள். வந்த புதிதில் அதைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். இப்போது சொந்த ஊரான ராயபுரத்துக்குப் போனால் வீடுகள் எல்லாம் இவ்வளவு நேராக நிற்கின்றனவே என்று தோன்றுகிறது.

எலுமிச்சை எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். இங்கே கரும்புச் சாற்றைப் புளிக்கவைத்துக் காய்ச்சி வடிக்கிற சாராயத்துக்குக் கஷாசா என்று பெயர். அதில் எலுமிச்சையும் சர்க்கரையும் ஐஸும் சேர்ந்தால் கைப்பிரிஞா. பழத்தின் இரண்டு முனையையும் சீவி, நீளவாக்கில் பிளந்து, நடுவிலிருக்கும் வெள்ளைத் தண்டை எடுத்துவிட வேண்டும். அது இருந்தால் கசக்கும். துண்டுகளோடு சர்க்கரையைப் போட்டு மரக்கட்டையால் அழுத்த வேண்டும். இடிக்கக் கூடாது. இடித்தால் தோல் கசங்கி, அதுவும் கசப்பில்தான் போய் முடியும். சாறு இறங்கியதும் ஐஸ், பிறகு கஷாசா. செய்த கையோடு குடித்துவிட வேண்டும். காத்திருக்க வைத்தால் கெட்டுப்போகும்.

இவ்வளவு சொல்கிறவன் அதை ஒரு முழு வாய் குடித்ததில்லை. முதல் தடவை லூசியாவின் அப்பா வீட்டுக்குப் போனபோது ஒரே ஒரு கண்ணாடி டம்ளர் மேசையைச் சுற்றி வந்தது. அவர்கள் வழக்கம் அது. ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்தவருக்குத் தர வேண்டும். என்னிடம் வந்ததும் மறுக்கத் தெரியாமல் வாங்கி, நம் வீடுகளில் சொம்பைத் தூக்குவதுபோல, உதடு படாமல் அண்ணாந்து ஊற்றினேன். ஐஸும் எலுமிச்சைத் தோலும் சர்க்கரையுமாக அத்தனையும் மூக்கிலும் சட்டையிலும் கொட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். என் மாமனார் ஒஸ்வால்டோ மட்டும் சிரிக்கவில்லை. அவர் வாய் வைத்த டம்ளர் எனக்கு அருவருப்பு என்று நினைத்துவிட்டார். என்னைப் பெற்ற தாயின் டம்ளரில்கூட நான் அப்படித்தான் குடிப்பேன் என்று விளக்க அன்றைக்கு என்னிடம் மொழியில்லை.

கொஞ்சம் மொழி வந்த பிறகு அவரிடம் போய் அதையும் சொன்னேன், குடிக்க மாட்டேன் என்பதையும் சொன்னேன். ஏன் என்று கேட்டார். என் அப்பா என்றேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் மரக்கட்டையை எடுத்து என் கையில் கொடுத்து, அப்படியென்றால் இனிமேல் செய்கிறவன் நீ என்றார். அவர் கை அப்போதே நடுங்கத் தொடங்கியிருந்தது. அன்றிலிருந்து நான் கலக்குவேன். சரியாக வந்ததா என்பதை முதலில் குடிக்கிறவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

ஆனால் முதல் வாய் மனிதர்களுக்கில்லை. டம்ளரைச் சாய்த்துக் கொஞ்சம் தரையில் ஊற்றுவார்கள், புனிதருக்கு என்று சொல்லி. எந்தப் புனிதர் என்று யாரும் கேட்பதில்லை. மாமனார் முதல் முறை அப்படி ஊற்றியபோது நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். யார் ஊற்றியது என்று இப்போது ஒருவர் கேட்பார் என்று நின்றேன். ஒருவரும் கேட்கவில்லை. பேச்சு ஃபுட்பாலுக்குப் போய்விட்டது.

2

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது சந்தில் எங்கள் வீடு. ஒரு அறை, ஒரு சமையல் மூலை, சிவப்பு சிமென்ட் தரை. என் அப்பாவை நாங்கள் நைனா என்போம். துறைமுகத்தில் வின்ச் ஓட்டினார். கப்பல் வயிற்றிலிருந்து சரக்கைத் தூக்கிக் கரையில் இறக்குகிற வேலை. கையில் அப்படி ஒரு பலம். என் மாமனாருக்கும் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிற வேலைதான். இரண்டு பேரும் குடித்ததும் கரும்பிலிருந்து வந்த சரக்குதான். மாமனார் ஒரு டம்ளரைப் பத்துப் பேரோடு பங்கு போட்டுக்கொண்டு பாட்டுப் பாடிவிட்டுத் தூங்கப் போவார். அவரைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. இவரால் முடிந்தது நைனாவால் ஏன் முடியவில்லை?

எனக்கு ஒன்பது வயது, ஸ்டெல்லா அக்காவுக்குப் பதினைந்து. நைனா பழைய டானிக் பாட்டிலில் சாராயத்தை ஊற்றித் தண்ணி டிரம்முக்குப் பின்னால் வைத்திருப்பார். முந்தின நாள் அம்மாவுக்கு நெற்றி உடைந்திருந்தது. அன்று மதியம் அக்கா அந்தப் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தாள். வாசல் சாக்கடை வரைக்கும் போக அவளுக்குப் பொறுமையில்லை. தரையிலேயே ஊற்றினாள். சிவப்புத் தரையில் அது பரவியதை நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நைனா ஷிஃப்ட் முடிந்து வந்தார். வாசம் அவரை நிலைப்படியிலேயே நிறுத்தியது. தரையைப் பார்த்தார்.

"யாரு ஊத்துனது?"

அம்மா பேசவில்லை. அக்கா பேசவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டி அக்காவைக் காட்டினேன்.

பயத்தில் செய்தேன் என்று எழுதினால் படிக்கிறவர்கள் மன்னித்துவிடுவார்கள். ஆனால் அவர் பார்வை என்னைவிட்டு வேறு யார் மேலாவது போனால் போதும் என்று நான் நினைத்தது எனக்கு ஞாபகமிருக்கிறது. அவர் அக்காவின் இடது கையைப் பிடித்து முறுக்கினார். அந்தச் சத்தத்தை எழுத விருப்பமில்லை. பிறகு அவரே அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அழுதபடி எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் ஓடினார். கட்டுப் பிரித்தபோது மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது. எட்டு வருடம் கழித்து நைனா ஈரல் கெட்டு, வயிறு வீங்கி இறந்தார். பிறகு அம்மாவும் போனாள். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வண்ணாரப்பேட்டையில் ஒரு ரெடிமேட் பட்டறையில் காஜா மெஷினில் உட்கார்ந்து, பட்டனுக்கு ஓட்டை தைத்துத் தைத்து என்னைக் கப்பல் படிப்பு படிக்க வைத்தாள். நான் கை காட்டியதைப் பற்றி ஒரு நாள்கூடப் பேசியதில்லை. திட்டியிருந்தால் தேவலை.

3

என் மகள் மரியானாவுக்கு இருபது வயது. சின்ன வயதில் என்னோடு ராயபுரத்துத் தமிழ் பேசுவாள். சாவோ பாவ்லோவில் கல்லூரிக்குப் போனதிலிருந்து நான் தமிழில் கேட்டால் போர்த்துகீசில் பதில் வரும். வற்புறுத்தினால் சிரிப்பாள். போகட்டும் என்று விட்டிருந்தேன். சென்ற வருடம் ஒஸ்வால்டோ மாமா இறந்தார். அவர்தான் அவளை வளர்த்தவர். அதற்குப் பிறகு அவள் என்னிடம் நைனாவைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தாள். ஒரு தாத்தா போனதும் இன்னொருவரைத் தேடினாள்.

நான் சொன்னேன். சனிக்கிழமைகளில் நண்பர்களோடு உட்காருவார், ஒரே டம்ளர், நன்றாகப் பாடுவார், யாரையும் ஒரு வார்த்தை கடிந்து சொல்ல மாட்டார். எல்லாமே மாமனாருடையது. நைனாவுடையது என்று நான் சேர்த்தது, சம்பள நாளில் சூடாக வாங்கி வரும் வேர்க்கடலைப் பொட்டலம் மட்டும்தான். உண்மை தெரிந்த லூசியா இது நல்லதில்லை என்றாள். பிள்ளைக்கு எதற்கு அந்த அசிங்கமெல்லாம் என்று அவள் வாயை அடைத்தேன். பிள்ளைக்காக என்பது பொய். நைனாவைப் பற்றி உண்மை சொல்லத் தொடங்கினால் கதை கட்டிலில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து நிற்கும். அதற்காகத்தான்.

மரியானா கல்லறைத் திருநாளுக்கு ராயபுரம் போக வேண்டும் என்றாள். அவளுக்கு வெளிநாட்டு இந்தியர் அட்டை எடுக்க விண்ணப்பித்தேன். என் பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் சூசை. அவருடைய இறப்புச் சான்றிதழில் சூசைராஜ். அதிகாரி கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு பெயரில் இருப்பவரும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பக்கத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு நான் சொல்லி வைத்திருந்த தாத்தாவையும் ராயபுரத்துத் தாத்தாவையும் நினைத்துக்கொண்டே, இருவரும் ஒருவரே என்று கையெழுத்துப் போட்டேன்.

அவள் பெட்டியில் துணிகளுக்கு நடுவில் ஒரு பாட்டில் கஷாசா இருந்தது. மாமனாரின் அலமாரியில் கடைசியாக மிஞ்சியது. இந்தத் தாத்தாவிடமிருந்து அந்தத் தாத்தாவுக்கு, கல்லறையில் ஊற்றப் போகிறேன் என்றாள். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பாட்டிலைத் திருப்பிப் பார்த்து ரம்மா என்று கேட்டார். கரும்புச் சாற்றில் காய்ச்சியது என்றேன். அப்போ நம்ம சரக்குதான் என்று சொல்லிப் பெட்டியைத் தள்ளிவிட்டார். என்ன சொன்னார் என்று மரியானா கேட்டாள். நம்முடையதுதானாம் என்றேன். அவளுக்கு ரொம்ப சந்தோஷம்.

4

அக்கா அவளை அதே பழைய வீட்டின் நிலைப்படியில் வைத்தே கட்டிக்கொண்டாள். மரியானா பயணம் முழுக்க மனப்பாடம் செய்திருந்ததை எடுத்து விட்டாள், "அத்த, நல்லா கீறியா?" என்று. அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். மணிக்கட்டைப் பார்த்து என்ன ஆயிற்று என்று மகள் கேட்டபோது, சின்ன வயசில் விழுந்துட்டேன் என்றாள் அக்கா. என்னைப் பார்க்கவில்லை. பாட்டிலை நான் என் பெட்டிக்கு மாற்றிப் பூட்டி வைத்தேன். நைனா இறந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் ஒரு சொட்டு வந்ததில்லை. இருமல் மருந்தைக்கூட அக்கா மோந்து பார்த்துத்தான் வாங்குவாள். காசிமேட்டுக் கல்லறையில் அவரவர் செத்துப்போன ஆளுக்குப் பிடித்த பிரியாணி, பீடி, குவார்ட்டர் என்று வைப்பார்கள். அக்கா மெழுகுவத்தியும் சாமந்தியும் மட்டும் வைப்பாள்.

திருநாளுக்கு முந்தின நாள், சகல புனிதர்கள் திருநாள். காலைப் பூசை முடிந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா கல்லறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடிக்கக் கிளம்பினாள். நானும் வருகிறேன் என்றேன். நீ வெயிலில் நிற்க மாட்டே என்று விட்டுவிட்டுப் போனாள். நான் மெழுகுவத்தி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரம்மாவிடம் பாக்கி வாங்கிக்கொண்டு நன்றி என்பதற்கு வாய் தவறி "ஒப்ரிகாடோ" என்று சொல்லி, அவர் முழித்தது நினைவிருக்கிறது.

திரும்பி வந்தால் சமையல் மூலையில் எலுமிச்சை வாசம். மரியானா என் பெட்டிச் சாவியைத் தேடி எடுத்திருந்தாள். எவர்சில்வர் டம்ளரில் பழமும் சர்க்கரையும் போட்டு அக்காவின் பருப்பு மத்தால் குத்திக்கொண்டிருந்தாள். நாளைக்குக் கல்லறையில் தப்பில்லாமல் செய்ய வேண்டும், அதற்கு ஒரு ஒத்திகை என்றாள். அக்கா வருவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவு என்று நான் சொல்லியிருக்கலாம். அப்படித்தான் சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அவள் வெள்ளைத் தண்டை எடுக்காமல் விட்டிருந்தாள். மத்தை ஓங்கி ஓங்கி வேறு இடித்துக்கொண்டிருந்தாள். நம் ஊர் எலுமிச்சைக்குத் தோல் மெல்லிசு, இடித்தால் கசந்து வழியும். இருபது வருடக் கை சும்மா இருக்குமா? மத்தை வாங்கி, புதுப்பழம் நறுக்கி, விதை எடுத்து, பூப்போல அழுத்தினேன். அவள் ஐஸ் போட்டாள். கஷாசாவை நான் ஊற்றினேன். நைனாவின் வீட்டில், நைனாவின் படத்துக்கு எதிரில், என் கையால்.

மரியானா டம்ளரை எடுத்துப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். புனிதருக்கு என்று போர்த்துகீசில் சொல்லி, முதல் வாயைத் தரையில் சாய்த்தாள். அதே சிவப்புத் தரை. அது பரவியதை நான் மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிலைப்படியில் அக்கா நின்றாள். கையில் சுண்ணாம்பு வாளி, முழங்கை வரைக்கும் வெள்ளை. வாசம் அவளை அங்கேயே நிறுத்தியிருந்தது. எங்கள் இருவரையும் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தாள்.

"யாரு ஊத்துனது?"

அவளுக்கே தெரியாமல் அந்தக் கேள்வி வந்திருக்க வேண்டும். மரியானாவின் கையில் டம்ளர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அவளை மறைத்து முன்னால் வந்தேன்.

"நான்தான்கா."

அக்கா என் தோளுக்கு மேலே அந்த டம்ளரைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருடத்தில் நான் கை காட்டியதை வைத்து அவள் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் அழுதுவிட்டேன். நாற்பத்தேழு வயதில் மகளுக்கு எதிரில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"இத்தச் சொல்ல உனுக்கு இத்தினி வருசம் ஆச்சா," என்றாள். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. பிறகு தரையைக் காட்டி, "சக்கர போட்டுக்கீறே. எறும்பு மொய்க்கும். தொடச்சி உடு," என்றாள்.

நான் துணியெடுத்து மண்டி போட்டுத் துடைத்தேன். அக்கா கை கழுவி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அவகிட்ட சொல்லு. நம்மூட்டுப் பொண்ணு தான. எல்லாத்தியும் சொல்லு."

தரையில் உட்கார்ந்து மகளிடம் சொன்னேன். போர்த்துகீசில்தான் சொன்னேன், அவளுக்கு ஒரு வார்த்தையும் தப்பிவிடக் கூடாதென்று. சொன்ன கதைகள் எந்தத் தாத்தாவுடையவை என்பதில் தொடங்கி, டிரம், பாட்டில், அம்மாவின் நெற்றி என்று ஒவ்வொன்றாக. அக்காவுக்கு அந்த மொழியில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் நான் கையை நீட்டிக் காட்டிய இடத்துக்குக் கதை வந்ததும், அவள் தன் இடது கையை எடுத்து மரியானாவின் மடியில் வைத்தாள். மரியானா அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அன்று இரவு அவள் என்னைத் தாண்டிப் போய் அக்காவின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். டம்ளரில் இருந்தது ஐஸ் கரைந்து, கசந்து, சாக்கடைக்குப் போனது.

5

மறுநாள் காலை காசிமேட்டில் இடித்துக்கொண்டு நடக்க வேண்டிய கூட்டம். எங்கள் கல்லறை புதுச் சுண்ணாம்பில் பளிச்சென்று இருந்தது. சாமந்தி போட்டோம். மெழுகுவத்தி காற்றில் அணைந்து அணைந்து கடைசியில் நின்றது. சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார். மரியானா வெறும் கையோடுதான் வந்திருந்தாள். பாட்டில் வீட்டில் என் பெட்டியில் இருப்பதாக நினைத்திருந்தேன்.

அக்கா மெழுகுவத்தி கொண்டுவந்த துணிப்பையிலிருந்து அதை எடுத்தாள். மரியானா அவளையே பார்த்தாள்.

"கொயந்த அவ்ளோ தூரத்திலேந்து தூக்கினு வந்துகீது," என்றாள் அக்கா. "பாவம், அந்த ஊரு தாத்தா குடுத்து உட்டது."

அவளே ஊற்றப் போகிறாள் என்று நினைத்து நான் ஓரமாக நகர்ந்தேன். அவள் மூடியைத் திருகி எடுத்தாள். மணிக்கட்டு கோணிய அந்தக் கையில் பாட்டிலைப் பிடித்தபடி கல்லறையைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி அதை நீட்டினாள்.

"இந்தா, நீ ஊத்து. நான் ஒரு தபா ஊத்திட்டேன்."